முதற்பதிப்பு என்று அச்சிட்டிருந்தால் போதுமா?

டாலிகஞ்சில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் புத்தக அலமாரியை எண்ணிப் பார்க்கலாம். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வேலையின் பொருட்டுச் சென்னையில் கப்பலேறிய ஒருவர் தம் டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்த கவிதை நூல்கள் நான்கைந்து அதில் இருக்கக்கூடும். கொண்டுவந்தவர் மறைந்திருப்பார். பேரப்பிள்ளைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் படிப்பவர்களாக இருப்பார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில் தாள் பழுப்பேறி, தைத்த நூல் இற்று, ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருக்கும். அவற்றுள் ஒன்றின் உட்பக்கத்தில் ‘முதற்பதிப்பு’ என்றிருக்கிறது. அப்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் பழைய நூல் வணிகர் ஒருவருக்கு அனுப்பினால் அவர் ஒரு விலை சொல்வார். அந்த விலை சரியா என்பது சிறிய கேள்வி. அந்த ஒரு சொல்லை நம்பி, கையிலிருக்கும் பாடத்தைக் கவிஞர் முதன்முதலாக நூல்வடிவில் வெளியிட்ட பாடம் என்று கொள்ளலாமா என்பதுதான் பெரிய கேள்வி. தமிழ்ப் பதிப்புலகின் நடைமுறையை அறிந்தவர்கள் கொள்ளலாம் என்று சொல்லத் தயங்குவார்கள்.

இக்குழப்பத்தைப் பதிப்பாளர்களின் நேர்மைக் குறைவு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் கோளாறு பெரிதும் சொல்லில் இருக்கிறது. ‘பதிப்பு’ என்னும் ஒரே சொல் தமிழில் குறைந்தது மூன்று வேலைகளைச் செய்கிறது. உ.வே. சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்ததும் பதிப்பு. ஒரு நிறுவனம் நூலை அச்சிட்டு விற்பதும் பதிப்பு. அதனால்தான் அந்நிறுவனம் பதிப்பகம். ஒருமுறை கோத்த அதே பக்கங்களை மீண்டும் ஆயிரம் பிரதிகள் ஓட்டுவதும் ‘இரண்டாம் பதிப்பு’ என்றே வழங்குகிறது. ஆங்கில நூலியலில் புதிதாக எழுத்துக் கோத்த வெளியீட்டைக் குறிக்க ஒரு சொல்லும், அதே கோப்பிலிருந்து மறுபடி அச்சிடுவதைக் குறிக்க வேறொரு சொல்லும் உண்டு. தமிழிலும் ‘மறுபதிப்பு’, ‘மறுஅச்சு’ என்ற இணை இருக்கத்தான் செய்கிறது. நூல்களில் அவ்விரண்டும் ஒன்றன் இடத்தில் ஒன்றாக வருவதால் வேறுபாடு பயனற்றுப் போயிற்று. ஒரு காற்புள்ளிகூட மாறாத நூல் எட்டாம் பதிப்பு கண்டிருக்கும். கவிதைகளின் வரிசையே மாறிய நூல் ‘மறுஅச்சு’ என்று வந்திருக்கும்.

மூன்று பொருள்களில் வாசகரை அதிகம் வழுக்கி விழச்செய்வது நடுவில் உள்ளது. ஒரு கவிதை நூல் ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போது புதிய பதிப்பகம் தன் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அதன் ஏட்டில் அது முதற்பதிப்புதான். அதற்கு முன் அந்நூல் வேறு இருவரிடம் வெளிவந்திருந்தது என்ற செய்தி பல நேரங்களில் எங்கும் பதிவாவதில்லை. பொது நூலகக் கொள்முதல் பெரிதும் புதிய வெளியீடுகளைச் சுற்றியே நடப்பதால் ‘முதற்பதிப்பு’ என்ற சொல்லுக்கு வணிகப் பயனும் சேர்ந்துகொள்கிறது.

பாரதியின் நூல்களிலேயே இச்சிக்கல் தொடங்கிவிடுகிறது. 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியின் தேசியப் பாடல்கள் சிலவற்றைச் சிறு வெளியீடாக அச்சிட்டு இலவசமாக வழங்கினார். ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலைப் பாரதி 1908இல் வெளியிட்டார். முதற்பதிப்பு எது? நூல் என்ற வடிவத்தை அளவுகோலாகக் கொண்டால் ஒரு விடை. அச்சில் முதலில் வந்ததைக் கொண்டால் மற்றொரு விடை. ‘பாஞ்சாலி சபதம்’ இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் பாரதி மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1924இல்தான் அச்சேறியது. ஆகவே இரு பாகங்களும் ஒன்றாகக் கட்டப்பட்ட ஒரு பிரதியைப் பாரதி காலத்து முதற்பதிப்பு என்று யாரேனும் விற்க முன்வந்தால், ஏட்டைத் திறக்காமலே மறுத்துவிடலாம்.

‘கண்ணன் பாட்டு’ 1917இல் பரலி சு. நெல்லையப்பரால் வெளியிடப்பட்டது. அந்நூலைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் மேற்கோள் காட்டும் வ.வே.சு. ஐயரின் முன்னுரை இரண்டாம் பதிப்புக்கென எழுதப்பட்டது. அம்முன்னுரை உள்ள பிரதி, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், முதற்பதிப்பு ஆகாது. நூல் சேகரிப்போர் தேடுவது இத்தகைய ஒற்றைக் குறிப்புகளைத்தான். டி.எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ 1922இல் நியூயார்க்கில் நூலாக வந்தபோது, ஓர் அடியில் ‘மலை’ என்று பொருள்படும் சொல்லில் ஒரு எழுத்து சில பிரதிகளில் விழுந்துபோயிற்று. எழுத்து இருக்கிறதா, விழுந்திருக்கிறதா என்று பார்த்தே பிரதிகளை வரிசைப்படுத்த முயன்றவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு இலண்டனில் ஹோகார்த் அச்சகத்துக்காக வர்ஜீனியா வுல்ஃப் தம் கையாலேயே எழுத்துக் கோத்த பதிப்பு வெளிவந்தது. அதுவும் தன் நாட்டில் முதற்பதிப்பே. ஆக, ‘முதல்’ என்பதற்கு இடமும் பதிப்பகமும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்ற கட்டாயம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அங்கே அதைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நிலைத்துவிட்டது என்பதே வேறுபாடு.

பாரதியின் படைப்புரிமையை 1949இல் அரசு பெற்றுப் பின்னர்ப் பொதுவாக்கியது தமிழருக்குக் கிடைத்த பெரும் பேறு. அதன் பக்க விளைவாக, கவிதைகளை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிட்ட ஒவ்வொருவரும் தம் வெளியீட்டை முதற்பதிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாயிற்று. பிற்காலத்தில் நாட்டுடைமையான கவிஞர்களின் நூல்களுக்கும் இதே கதைதான்.

புதுக்கவிதைக்கு வரும்போது நூல்கள் மெலிந்தவை, அச்சிட்ட எண்ணிக்கை சிறியது, வெளியிட்டவர்கள் பெரும்பாலும் சிற்றிதழ்க்காரர்கள். சி.சு. செல்லப்பாவின் எழுத்து பிரசுரம் 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைப் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பாக வெளியிட்டது. ந. பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’ வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அவருடைய ‘காதல்’ மணிக்கொடியில் வந்தது 1934இல். இதழில் முதலில் அச்சேறியதற்கும் நூலாகத் தொகுத்ததற்கும் இடையே 28 ஆண்டுகள். பிரமிளின் ‘கண்ணாடியுள்ளிருந்து’ 1972, ஞானக்கூத்தனின் ‘அன்று வேறு கிழமை’ 1973, சி. மணியின் ‘வரும் போகும்’ 1974, பசுவய்யாவின் ‘நடுநிசி நாய்கள்’ 1975, ஆத்மாநாமின் ‘காகிதத்தில் ஒரு கோடு’ 1981. இன்று தேடப்படும் முதற்பதிப்புகள் என்று பேச்சு வரும்போது இவையே வாயில் வருகின்றன. ஆனால் மு. மேத்தாவின் ‘கண்ணீர்ப் பூக்கள்’ (1974) போல் விற்றுத் தீர்ந்து மீண்டும் மீண்டும் அச்சான நூலின் முதல் அச்சுப் பிரதியைக் கண்டுபிடிப்பது இவற்றைவிடக் கடினமாக இருக்கக்கூடும். அரிய நூல் என்று நினைத்து வாங்கியவர் அதைப் பாதுகாத்தார். கல்லூரி விடுதியில் இருபது பேரிடம் கைமாறிய நூலை யாரும் பாதுகாக்கவில்லை.

இவற்றை அடையாளங்காண ஆசிரியர் பெயரே சில நேரங்களில் உதவும். ‘நடுநிசி நாய்கள்’ பசுவய்யா என்ற புனைபெயரில் வந்தது. அதே கவிதைகளை உள்ளடக்கிய 2005ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பே ‘சுந்தர ராமசாமி கவிதைகள்’. பிரமிள் தருமு சிவராம் உள்ளிட்ட பல பெயர்வடிவங்களில் எழுதியவர். அட்டையிலுள்ள பெயர்வடிவத்தை வைத்தே ஒரு பிரதியின் காலத்தை ஓரளவு நெருங்கலாம். ஆத்மாநாம் 1984இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வந்த ஒரே தொகுப்பு 1981ஆம் ஆண்டினது. பின்னர்ப் பிரம்மராஜன் தொகுத்த நூல்களில் இடம்பெறும் எஞ்சிய கவிதைகளுக்குக் கவிஞரே சரிபார்த்த நூல்வடிவம் என்று ஒன்று இல்லை. அங்கே முதற்பதிப்பு என்பது தொகுப்பாசிரியரின் முடிவுகளையும் உள்ளடக்கியது.

பதிப்பு விவரப் பக்கத்தை நம்ப முடியாதபோது நூலின் உடம்பைத்தான் கேட்க வேண்டும். உடம்பு பொய் சொல்வது அரிது. விலையிலிருந்து தொடங்கலாம். அணாக் கணக்கில் விலை இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முற்பட்ட நூல், அல்லது பழக்கத்தை விடாத ஒரு வெளியீட்டாளரின் நூல். ‘ந.பை.’ என்று நயா பைசாவில் விலை இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அந்தப் பக்கம் 1972 ஆகஸ்ட் 15க்குப் பின் அச்சானது. ஐ.எஸ்.பி.என். எண் இந்திய நூல்களில் 1985க்கு முன் எதிர்பார்க்கத் தக்கதன்று. அது 978 என்று தொடங்கிப் பதின்மூன்று இலக்கங்களாக இருந்தால், பொதுவாக 2007க்குப் பிந்தையது. ரூபாய்க்கான இன்றைய குறியீடு 2010இல் வந்தது. ‘முதற்பதிப்பு: 1973’ என்று அச்சிட்ட பக்கத்தின் கீழேயே 978இல் தொடங்கும் எண் இருந்தால் ஆண்டு பொய்யன்று, அது முந்தைய ஒரு நூலின் பிறந்த தேதி. அதைக் கையிலிருக்கும் பிரதியின் பிறந்த தேதியாகப் படிப்பதுதான் பிழை. ஆண்டைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு 31 கூடுதலாக வரும் என்பதை மறந்தவர் 2005 என்ற எண்ணைக் கண்டு 1974ஆம் ஆண்டு நூலைப் புதிய நூல் என்று ஒதுக்கிவிடுவார்.

பிறகு தாளைத் திருப்பிப் பின்புறம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஈய எழுத்தை அழுத்தி அச்சிட்ட பக்கத்தில் எழுத்தின் தழும்பு மறுபக்கம் நெருடும். ஆஃப்செட் அச்சில் நெருடாது. பழைய நூலைப் படமெடுத்து அச்சிடும் நகல் பதிப்புகள் கண்ணை முழுதாக ஏமாற்றிவிடும். விவரப் பக்கமும் அப்படியே நகலாவதால் ஆண்டும் விலையும் பழையனவாகவே இருக்கும். அங்கே விரல்தான் சாட்சி. கையெழுத்துக் குறிப்புகளும் சாட்சி சொல்லும். நூலைப் பரிசளித்தவர் தேதியோடு எழுதிய ஒரு வரியோ, நூலக முத்திரையோ, ‘இத்தேதிக்குள் இந்நூல் அச்சாகிவிட்டது’ என்பதை உறுதிசெய்யும்.

எழுத்துவடிவம் மேலும் நுட்பமான சான்று. தமிழ்நாட்டு அரசு 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. அதற்கு முன் லை, ளை, ணை, னை ஆகியவை துதிக்கை போல் முன்வளைந்த கொம்போடும், ணா, றா, னா ஆகியவை தனித்தனிச் சுழிவடிவங்களோடும் அச்சாகிவந்தன. ஆகவே 1972, 1973 என்று ஆண்டு போட்ட ஒரு புதுக்கவிதை நூல் முழுதும் இன்றைய வடிவங்களோடு இருந்தால் ஐயப்படலாம். ஐயப்படலாம் என்பதற்கு மேல் போக முடியாது. பெரியார் 1935இலேயே குடிஅரசு இதழில் இவ்வடிவங்களைக் கையாளத் தொடங்கிவிட்டார். அவர்வழி வந்த வெளியீடுகளில் ஆணைக்கு நெடுங்காலம் முன்பே அவை உண்டு. மறுதிசையிலும் இச்சான்று வலுவற்றது. அரசாணை வந்ததும் அச்சகத்தார் பழைய ஈய எழுத்துகளை உருக்கிவிடவில்லை. இருந்த எழுத்துகள் தேயும்வரை ஓட்டினார்கள். சென்னை ஆணை யாழ்ப்பாணத்து அச்சகத்தைக் கட்டுப்படுத்தவும் இல்லை. எனவே கொம்புவைத்த ஐகாரத்தைக் கண்டதும் ‘1978க்கு முன்’ என்று விற்பனைக் குறிப்பு எழுதுவோரின் துணிச்சலைப் பாராட்டலாம், முடிவை ஏற்க இயலாது.

இத்தனை நுணுக்கம் எதற்கு, கவிதையைப் படித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு விடை கவிதைக்குள்ளேயே இருக்கிறது. யாப்பில் அமைந்த செய்யுளை அச்சகத்தார் தவறாக மடித்தாலும் எதுகையும் சீரும் அதை மீட்டுத் தரும். புதுக்கவிதைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் வரி எங்கே முடிகிறது என்பதற்கு அச்சிட்ட பக்கத்தைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. சிறிய அளவு நூலில் இடம் போதாமல் மடங்கி விழுந்த ஒரு சொல், அடுத்த பதிப்பில் தனி வரியாக எண்ணப்பட்டு, அதற்கடுத்த தொகுப்பில் அப்படியே நிலைத்துவிடும். அந்த ஒற்றைச் சொல் வரியின் அழகைக் குறித்து ஒரு கட்டுரையும் எழுதப்படும். பக்க முடிவில் வந்த கவிதையில் பத்தி இடைவெளி இருந்ததா, இல்லையா என்பதும் இப்படித்தான் தொலைகிறது.

மொழியியல் ஆய்வில் இழப்பு இன்னும் கூடுதல். பதிப்பகங்கள் தத்தம் நடைவிதிப்படி ஒற்றைச் சேர்க்கின்றன அல்லது நீக்குகின்றன, சொற்களைப் பிரிக்கின்றன, கிரந்த எழுத்துகளை மாற்றுகின்றன. வாசிப்புக்கு இது நன்மையாக இருக்கலாம். ஆனால் 2005ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எழுபதுகளின் புதுக்கவிஞர்கள் வல்லினம் மிகும் இடங்களில் ஒற்றை இட்டனர்’ என்று முடிவுகட்டும் ஆய்வேடு, கவிஞர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மெய்ப்புத் திருத்தியவரைப் பற்றிச் சொல்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல்களில் ஒரு நூலுக்கு முதன்முதலில் வெளிவந்த ஆண்டும் கையாண்ட பதிப்பின் ஆண்டும் தனித்தனியே தரப்படுவதை விதியாக்காமல் இருப்பது வியப்புக்குரியது.

கவிஞர் கடைசியாகத் திருத்திய பாடமே செல்லும், முதற்பதிப்பு வெறும் பிள்ளைப் பருவம் என்ற எதிர்வாதம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. திருத்தும் உரிமை கவிஞருக்கு உண்டு. சேர்த்த கவிதையை நீக்கும் உரிமையும் உண்டு. ஆனால் திருத்தம் என்று சொல்வதற்கே திருத்தப்பட்டது எது என்று தெரிய வேண்டும். முதற்பதிப்பு காணாமல் போன நூலில் கவிஞரின் திருத்தத்தையும் அச்சகத்தின் பிழையையும் பிரித்தறிய வழியே இல்லாமல் போகிறது.

ஈழத்துக் கவிதையில் இது வெறும் ஆய்வுச் சிக்கலாக நிற்பதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. போரில் வீடுகளோடு அலமாரிகளும் போயின. சேரனின் ‘இரண்டாவது சூரிய உதயம்’ (1983), ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பு (1985) ஆகியவற்றின் முதல் பிரதிகளை வைத்திருப்பதே ஆபத்தாயிருந்த காலம் ஒன்று இருந்தது. பின்னாளில் வேறு மண்ணில் அச்சான பிரதிகள் வழியாகவே இக்கவிதைகளைப் பலர் படித்தனர். 2005 முதல் ‘நூலகம்’ இணையத் திட்டம் ஈழத்து நூல்களை அட்டை முதல் அட்டைவரை படமாக்கி வைத்துவருவது எவ்வளவு பெரிய பணி என்பது, விவரப் பக்கம் ஒன்றுக்காக அலைந்தவர்களுக்கே முழுதும் விளங்கும்.

தமிழ்நாட்டில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1994இல் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இதே தேவையை வேறுவேறு வகையில் நிறைவேற்றுகின்றன. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கற் சட்டப்படி வெளியீட்டாளர்கள் பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்கள் கொல்கத்தா, சென்னை, மும்பை, டெல்லி ஆகிய நான்கு நகரங்களில் உள்ளன. டாலிகஞ்சில் இருப்பவர் கன்னிமாரா நூலகத்துப் பிரதியோடு தம் பிரதியை ஒப்பிட ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் கடலைக் கடக்க வேண்டும். சிற்றிதழ்க்காரர்கள் எல்லாரும் ஒழுங்காகப் பிரதி அனுப்பினார்களா என்பது வேறு விஷயம். அங்கே இல்லாத ஒரு நூல் தீவின் அலமாரியில் இருப்பதற்கு வாய்ப்பு உண்டு என்பதையும் இது காட்டுகிறது.

பதிப்பாளர்கள் செய்யக்கூடியது மிகச் சிறியது. முதலில் வெளியிட்டவர் யார், எந்த ஆண்டு, இது எத்தனையாவது அச்சு, பாடம் மாறியிருக்கிறதா என்னும் நான்கு வரிகள். சில பதிப்பகங்கள் தம் பெயரை முன்னிட்டு ‘எங்கள் முதற்பதிப்பு’ என்ற பொருள்பட அச்சிட்டு, மூல ஆண்டைத் தனியே தருகின்றன. அதை எல்லாரும் செய்தால் போதும். தேவைக்கேற்ப ஐம்பது, நூறு பிரதிகளாக எண்ணிம அச்சில் ஓட்டும் இக்காலத்தில் இது இன்னும் அவசரமாகிறது. ஐந்தாண்டு இடைவெளியில் அச்சான இரு பிரதிகளும் ஒரே விவரப் பக்கத்தோடு வருகின்றன. இடையில் கோப்பில் நடந்த திருத்தங்கள் எதிலும் பதிவாவதில்லை. ஈய எழுத்துக் காலத்து நூலுக்காவது விரல் சாட்சி இருந்தது.

டாலிகஞ்ச் அலமாரியில் இருக்கும் நூலுக்கு அடுத்த மழைக்காலம் வருமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அதைப் பைண்டிங்குக்குக் கொடுத்துவிடக் கூடாது. பைண்டர் பழைய மேலட்டையைக் கிழித்தெறிந்து மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவார். தமிழ் நூல்களில் விலையும் அச்சகப் பெயரும் பல நேரங்களில் பின்னட்டையிலோ கடைசிப் பக்கத்தின் அடியிலோதான் இருக்கும். நல்ல வெளிச்சத்தில் முன்னட்டை, தலைப்புப் பக்கம், அதன் மறுபக்கம், கடைசிப் பக்கம், பின்னட்டை ஆகியவற்றைப் படமெடுத்துக்கொள்ளலாம். அவற்றோடு, ஒரு கவிதை தொடக்கம் முதல் முடிவுவரை முழுதாகத் தெரியும் இரண்டு பக்கங்களையும் எடுத்துவைத்தால், வேறோர் ஊரிலிருக்கும் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.